லேப்டாப் ஆன் ஆக ஐந்து நிமிடம், கூடவே ஃபயர்வால் எச்சரிக்கை: என்ன செய்வது?

நீங்கள் கேட்டது இரண்டு தொல்லைகள். இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கலாம்: விண்டோஸ் எழும்போதே கூடவே எழுந்துகொள்ளும் புரோகிராம்கள்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள். வேளச்சேரியில் அத்தையின் லேப்டாப்பில் 17 புரோகிராம்கள் வரிசை கட்டி நின்றன. எப்போதோ தூக்கிப்போட்ட பிரிண்டருடையதும் உண்டு! வேண்டாததை டிசேபிள் செய்யுங்கள். அழிந்துவிடாது, தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். ஆன்டிவைரஸ், ஆடியோ, டச்பேட் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

அப்புறம் ஃபயர்வால், அதாவது நெட்வொர்க் இணைப்புகளுக்கு விண்டோஸ் வைத்திருக்கும் காவலாளி. ஏதோ ஒரு புரோகிராம் வெளியிலிருந்து வரும் இணைப்புக்குக் கதவைத் திறந்து வைக்கப் பார்க்கிறது, விடலாமா என்றுதான் அது கேட்கிறது. பெயரையும் தயாரிப்பாளரையும் படியுங்கள். தெரிந்ததென்றால் வீட்டு வைஃபை மாதிரியான பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி. சென்ட்ரல் ஸ்டேஷன் வைஃபை மாதிரிப் பொது இடங்களுக்கு வேண்டாம். தெரியாத பெயரா? கேன்சல் செய்துவிட்டு ஆன்டிவைரஸில் ஸ்கேன் போடுங்கள். பிரவுசருக்குள் போன் நம்பரோடு வரும் எச்சரிக்கை மோசடி. அந்த நம்பருக்குக் கூப்பிடவே கூடாது.

இவ்வளவு செய்தும் நகரவில்லையா? உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத, வேகமான டிஸ்க்) வாங்கி மாற்றுங்கள். என்னைக் கேட்டால், ரேம் கூட்டுவதைவிட முதலில் இதைத்தான் செய்வேன். மாற்றுவதற்காக லேப்டாப்பைக் கடையில் கொடுக்கும் முன் போட்டோக்களை வேறிடத்தில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.