சிப் ஆலை நாடு மாறினால் ஆபத்து தீருமா?

கேள்வி: மருத்துவமனைகளுக்கான கண்காணிப்புக் கருவிகள் செய்கிறோம். அவற்றின் முக்கிய சிப் தைவானில் தயாராகிறது. அதையே தங்கள் ஜப்பான் ஆலையிலும் செய்து தருவதாகச் சொல்கிறார் சப்ளையர். விலை கொஞ்சம் கூடும். போர் பயத்தை நினைத்தால் மாறிவிடலாம் என்று தோன்றுகிறது. மாறலாமா?

பதில்: மாறலாம். ஆனால் கூடுதல் விலைக்கு ஒப்புக்கொள்ளும் முன், வேஃபராக (பல சிப்கள் ஒன்றாக அச்சான சிலிக்கான் வட்டத் தகடாக) கிளம்பும் அந்தச் சிப் உங்கள் கைக்கு வரும்வரை எந்தெந்த நாட்டுக்குள் போய் வருகிறது என்று எழுதி வாங்குங்கள்.

ஏன் என்பதற்கு 2025-இல் நெக்ஸ்பீரியா என்ற சிப் நிறுவனம் பட்ட பாட்டைப் பாருங்கள். தலைமையகம் நெதர்லாந்தில், உரிமையாளர் சீனாவின் விங்டெக். வேஃபர்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் தயாராகும். அவற்றைத் துண்டு துண்டாக அறுத்து, கால்கள் வைத்து, கறுப்பு உறைக்குள் அடைக்கும் ‘பேக்கேஜிங்’ வேலையில் பெரும்பகுதி சீனாவின் டோங்குவானில் நடக்கும். செப்டம்பர் 30 அன்று டச்சு அரசு 1952-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் கையில் எடுத்து, நிறுவனத்தின் முடிவுகளைத் தடுக்கும் அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. நான்கே நாளில் சீனா டோங்குவானிலிருந்து ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அப்புறம் டோங்குவானுக்கு வேஃபர் போவதும் நின்றது. இவை மிக மலிவான டயோடு, டிரான்சிஸ்டர் வகைகள். இவை வராமல் மெக்சிகோவில் ஹோண்டாவின் கார் ஆலை நின்றது. ஹாம்பர்க் ஆலைக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் சிப்பும் ஜப்பானில் வேஃபராகி, பேக்கேஜிங்குக்கு வேறு நாடு போகலாம். அந்த நாடு தைவானாகவே இருந்தால் கூடுதல் விலை கொடுத்தும் பாதி ஆபத்து அப்படியே இருக்கும். 2024 இறுதியில் தைவான் சிப் நிறுவனமான டிஎஸ்எம்சியின் அமெரிக்க ஆலை, அரிசோனாவில் உற்பத்தியைத் தொடங்கியபோதும், உயர்நுட்ப பேக்கேஜிங்குக்குத் தைவானைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

அடுத்தது, மூன்றாவது நாட்டின் சட்டம். சாம்சங்கின் சியான் ஆலையும் எஸ்கே ஹைனிக்ஸின் வூஷி ஆலையும் இருப்பது சீனாவில், உரிமை தென்கொரிய நிறுவனங்களுடையது. ஆனாலும் அங்கே எந்த இயந்திரத்தை இறக்கலாம் என்பதில் 2022 அக்டோபர் முதல் அமெரிக்க விதிகள் குறுக்கே நிற்கின்றன. ஜப்பான் ஆலைக்கு இந்தக் கவலை குறைவு. அதற்காக நட்பு நாடு என்று கண்ணை மூடிக்கொண்டும் இருக்க முடியாது. தென்கொரியாவுக்குப் போகும் மூன்று சிப் மூலப்பொருள்களுக்கு 2019 ஜூலையில் கடிவாளம் போட்டது ஜப்பான்தான்.

ஆலைக்குள் இருக்கும் பாதுகாப்பையும் கேளுங்கள். 2018 ஆகஸ்டில், வைரஸ் சோதனை செய்யாத ஒரு புதிய இயந்திரத்தை நெட்வொர்க்கில் இணைத்ததால் டிஎஸ்எம்சியின் தைவான் ஆலைகள் பலவற்றில் உற்பத்தி நின்றது. புது ஆலை என்றால் இயந்திரங்கள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். உங்கள் வடிவமைப்பின் மாஸ்க் கோப்பு (சிப்பின் சுற்றுகளை வேஃபரில் பதிக்க உதவும் வரைபடக் கோப்பு) எந்த நாட்டில், யார் பொறுப்பில் இருக்கும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? என் யோசனை, தைவானை விட்டுவிடாமல் ஜப்பானையும் தகுதிச் சோதனை செய்து வைத்துக்கொள்வது. ஒரே வடிவமைப்பாக இருந்தாலும் ஆலை மாறினால் மின் குணங்கள் சற்று மாறும். நோயாளியின் தலைமாட்டில் நிற்கும் கருவி உங்களுடையது. இந்தச் சோதனையில் அவசரம் வேண்டாம். முதலில் ஒரே ஒரு மாடலில் தொடங்குங்கள். கூடவே ‘டை பேங்க்’ கேளுங்கள்: முடிந்த வேஃபர்களை உறையில் அடைக்காமல் நைட்ரஜன் அலமாரியில் இருப்பு வைப்பது. வேஃபர் புதிதாகத் தயாராக மாதக்கணக்கில் ஆகும், அடைத்து முடிக்கச் சில வாரம் போதும். அந்த இருப்பு தைவானுக்கு வெளியே இருக்கட்டும். அதை அடைத்துத் தரும் ஆலையும் வெளியேதான் இருக்க வேண்டும்.