ஊட்டிப் புல்வெளியில் மரம் நடலாமா? வாசகர் கேள்விகள்

ஊட்டிப் பக்கம் மலைமேடெல்லாம் வெறும் புல்லாகக் கிடக்கிறதே, மரம் நட்டால் என்ன?

தயவுசெய்து நடாதீர்கள். காடு அழிந்து வந்த புல் அல்ல அது. தை மாத விடியலில் போய்ப் பாருங்கள், உப்பைத் தூவியது போலப் புல்நுனியெல்லாம் உறைபனி. வெட்டவெளியில் முளைத்த சோலை மரக்கன்று அதில் கறுத்துச் சுருண்டுவிடும். புல்லோ மேலே கருகினாலும் அடியிலிருந்து துளிர்த்துக்கொள்ளும். சோலைக்குள் முளைத்த கன்றுக்குப் பெரிய மரங்களே போர்வை, அதனால் தப்பிக்கிறது.

எத்தனை காலமாக இந்தப் புல்? நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கும் கறுப்பு மண்ணை ஆராய்ந்து, சூழலியலாளர் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-ல் எழுதினார்கள். வெப்பமண்டலப் புற்கள் பலவும் மரங்களும் கார்பனை எடுக்கும் விதம் வேறு வேறு. மட்கிய பிறகும் அந்த அடையாளம் மண்ணில் இருக்கும். சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், மழையும் காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடும் குறைந்திருந்தபோது அந்தப் புற்களின் கை ஓங்கியிருந்தது. அப்புறம் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்ததும் அந்தப் புற்களின் கை தாழ்ந்தது. ஆக, இங்கே புல் பல்லாயிரம் ஆண்டுப் பழையது.

சரி, மீறி நட்டால்? நீலகிரியில் உள்ள கிளன்மார்கனில் புல்வெளி ஓடையையும், கற்பூர மரம் (தைல மரம்) நட்ட இடத்து ஓடையையும் பல ஆண்டுகள் அளந்து பார்த்திருக்கிறார்கள். முதல் நடவிலேயே ஓடை நீர் 16 விழுக்காடு குறைந்தது, வெட்டியபின் மறுபடி தழைத்த காலத்தில் சுமார் 25 விழுக்காடு. கீழே இருக்கும் நம் எல்லாருக்கும் அது குடிநீர்.

அப்படியென்றால் மரம் மழை தரும் என்பது பொய்யா?

இல்லை. அமேசான் மழைநீரில் உள்ள ஆக்சிஜனை ஆராய்ந்த பிரேசில் விஞ்ஞானி எனேயஸ் சலாட்டி, அங்கே பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி, காடே திரும்ப மேலே அனுப்பிய நீர் என்று 1970-களில் காட்டினார். ஆனால் அதற்கு அத்தனை பெரிய காடு வேண்டும். தெருவோரம் பத்து மரம் நிழல் தரும், மேகம் தராது.

மாட்டுக்குப் போடும் அசோலாவா ஒரு காலத்தில் உலகைக் குளிரவைத்தது?

நீரில் மிதக்கும் சிறு பெரணிச்செடி அசோலா. அதே இனத்தின் பழைய உறவுதான். 2004-ல் வடதுருவத்துக்கு அருகே கடலடியைத் துளைத்தபோது, சுமார் 4.9 கோடி ஆண்டுப் பழமையான அசோலா படிவுகள் கிடைத்தன. அன்று அங்கே கடலின் மேற்பரப்பு நன்னீராக இருந்தது. பாய் விரித்தது போலப் படர்ந்த அசோலா, செத்ததும் ஆக்சிஜன் இல்லாத அடியில் மூழ்கி, காற்றிலிருந்து எடுத்த கார்பனோடு மட்காமல் புதைந்தது. உலகம் குளிர்ந்ததில் அதற்குப் பங்கு உண்டு என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் தொட்டி அசோலா புதைவதில்லை. மாடு தின்றதும் அந்தக் கார்பனில் பெரும்பகுதி காற்றுக்கே திரும்பிவிடும்.