பூசணிப் பிஞ்சு உதிர்கிறது: தேனீ வர வரப்பில் என்ன வைக்கலாம்?

கேள்வி: ஐயா, அலங்காநல்லூர் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் அரை ஏக்கர் பூசணியும் பந்தலில் கால் ஏக்கர் பீர்க்கும் போட்டிருக்கிறேன். பெண்பூ நன்றாக வருகிறது. ஆனால் பிஞ்சு சின்னதாக இருக்கும்போதே மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. போன வருஷம் ஓடையோரம் இருந்த சீமைக்கருவேலத்தை எல்லாம் எடுத்துவிட்டேன். வரப்பையும் களைக்கொல்லி அடித்துச் சுத்தமாக வைத்திருக்கிறேன். மேற்கே பக்கத்துத் தோட்டத்தில் மல்லிகை. தேனீ கண்ணிலேயே படவில்லை. என்ன செடி வைக்கலாம்?

பதில்: முதலில் உதிர்ந்த பிஞ்சில் பத்தைப் பொறுக்கி நறுக்கிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈ, அதற்கு வைத்தியம் வேறு. புழு இல்லாமல் வெறுமனே சூம்பியிருந்தால் மகரந்தம் போய்ச் சேரவில்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

பூசணிப் பூ விடியலில் விரிந்து வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீயோ வண்டோ ஆண்பூவில் புரண்டு பெண்பூவுக்கு வர வேண்டும், அதுவும் பலமுறை. பீர்க்கு இதற்கு நேர்மாறு. சாயங்காலம் விரிந்து மறுநாள் காலைவரை இருக்கும். அந்திப் பூச்சிகளும் தேனீக்களும் அப்போதுதான் வரும். மருந்தை மாலையில் அடித்தால் தேனீக்கு ஆபத்தில்லை என்று பொதுவாகச் சொல்வோம். பூசணிக்கு அது சரி, பீர்க்குப் பந்தலுக்குச் சரிவராது. பூக்கும் காலத்தில் வேப்பங்கொட்டைச் சாறோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் பூ வாடிய பிறகே அடியுங்கள்.

அப்புறம் அந்தச் சுத்தமான வரப்பு. எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருப்பது இதுதான். தும்பை, மூக்குத்திப்பூ, கொழுஞ்சி இவையெல்லாம் ஒரு பைசா செலவில்லாமல் தேனீக்குச் சோறு போடுபவை. சின்ன வயதில் தும்பைப் பூவைப் பிடுங்கி உறிஞ்சியிருப்பீர்களே, அந்தத் துளித் தேனுக்காகத்தான் தேனீயும் வருகிறது. உங்கள் பூசணி பூப்பது ஒன்றரை மாதமோ இரண்டு மாதமோ. மற்ற மாதங்களில் அது எதைத் தின்னும்? களைக்கொல்லியை வயலுக்குள்ளும் குறைத்துக்கொள்ளுங்கள், வரப்புக்கு வேண்டவே வேண்டாம். வரப்பைக் கொளுத்தவும் கூடாது. கூட்டமாக வாழாமல் மண்ணில் தனியாக வளை தோண்டி முட்டையிடும் தேனீ வகைகளும் உண்டு. பந்தல் மூங்கிலில் வட்டமாக ஓட்டை தெரிந்தால் அடைத்துவிடாதீர்கள், அது கருவண்டின் வீடு. பூசணிக்கும் முருங்கைக்கும் அது நல்ல வேலைக்காரன்.

சீமைக்கருவேலத்தை எடுத்தது தவறில்லை. எடுத்த இடத்தைக் காலியாக விட்டதுதான் தவறு. மற்றவை காய்ந்து கிடக்கும்போது அது பூத்துத் தேன் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஓடையோரத்தில் புங்கு, வேம்பு, நாவல், இலந்தை வையுங்கள். வேம்பும் புங்கும் பங்குனி, சித்திரை வாக்கில் பூக்கும், அதற்குப் பின்னால் புளி. இவை பூத்துப் பயன் தரச் சில வருஷம் ஆகும். அதுவரைக்கும் செடிமுருங்கை நாலைந்து போட்டால் ஆறு மாதத்துக்குள் பூத்துவிடும். ஓர் எருக்கு முளைத்தால் அதையும் விட்டுவையுங்கள், கருவண்டு அதைத் தேடி வரும்.

இந்தப் பட்டத்திலேயே பலன் வேண்டுமென்றால் திருநீற்றுப்பச்சிலையும் துளசியும். நாள் முழுக்கத் தேனீ மொய்க்கும், கதிரை அவ்வப்போது கிள்ளிவிட்டால் பூத்துக்கொண்டே இருக்கும். ஓரத்தில் இரண்டு வரிசை எள்ளும் தட்டைப்பயறும் விதையுங்கள். செண்டுமல்லியைப் பலரும் சொல்வார்கள். அடுக்கடுக்காக இதழ் நிறைந்த பூவில் தேனீக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. உண்ணிச்செடிக்குப் பட்டாம்பூச்சி வரும் என்று வைத்துவிடாதீர்கள், பரவினால் அடக்க முடியாது.

மல்லிகைத் தோட்டத்தை மறக்க வேண்டாம். மொட்டிலேயே பறித்துவிடுவதால் அங்கே தேனீக்குச் சாப்பாடு கிடையாது, ஆனால் மொட்டுப்புழுவுக்காக மருந்து அடிக்கடி விழும். உங்கள் பூசணிப் பூ மூடிய பிறகு அடிக்கும்படி பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டுப்பாருங்கள். மேற்கு வரப்பில் நொச்சியும் அகத்தியும் நெருக்கமாக நட்டால் காற்றில் வரும் மருந்தைக் கொஞ்சம் தடுக்கும். அகத்திப் பூவுக்குத் தேன்சிட்டும் வரும்.

கோடையில் தேனீக்குத் தண்ணீரும் வேண்டும். கிணற்றடியில் ஓர் அகலத் தட்டில் கூழாங்கல் போட்டு, கல் முழுகாத அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். தேனீப் பெட்டி வாங்க இப்போது அவசரப்படாதீர்கள். வரப்பில் பூ வரட்டும். பிறகு ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் விசாரித்து வாங்கலாம்.

சரி, இப்போது நிற்கும் பயிருக்குக் கைதான். காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் அன்று விரிந்த பூசணி ஆண்பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண்பூவின் நடுவே மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண்பூவை இரண்டு மூன்று பெண்பூவுக்கு வைத்துக்கொள்ளலாம். பீர்க்குக்கு இதே வேலையைச் சாயங்காலம் பூ விரிந்ததும் செய்யுங்கள். தடவிய பூவின் காம்பில் நூல் கட்டி வையுங்கள். ஒரு வாரத்தில் அந்தப் பிஞ்சுகள் நின்று பருத்தால் குறை மகரந்தத்தில்தான் என்பது உறுதி. அவையும் உதிர்ந்தால் நறுக்கிப் பார்த்ததையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.