பரணில் கிடந்த போலராய்டும் மீனமாச வெயிலும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், எடுத்த படத்தை அப்போதே கையில் தரும் பழைய போலராய்டு கேமரா பற்றியே. வளைகுடாவுக்குப் போன பெரியப்பாக்களும் மாமாக்களும் அன்றைக்குக் கொண்டுவந்தவை எல்லாம் இப்போதுதான் பரணிலிருந்து இறங்குகின்றன போல.

பெரியப்பா 1986-இல் சவூதியிலிருந்து கொண்டுவந்த போலராய்டு 600 மாடல் கேமரா. திறந்து பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. செத்துப்போச்சா? – தேவிகுளம்

சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. இந்தக் கேமராவுக்குள் பேட்டரி கிடையாது. பிலிம் பேக்கின் அடியில் தட்டையாக ஒரு 6 வோல்ட் பேட்டரி இருக்கும். ஒவ்வொரு பேக்கோடும் புதிதாக வரும். பிலிம் இல்லையென்றால் கரண்டும் இல்லை. புது 600 பேக் ஒன்றைப் போட்டு மூடுங்கள். கர்ர் என்று கறுப்பு அட்டை வெளியே வந்தால் உயிர் இருக்கிறது. வராவிட்டால் அப்புறம் எழுதுங்கள்.

ஐ-டைப் பிலிம் கொஞ்சம் விலை குறைவாக இருக்கிறது. அதையே போடலாமா? – வேலந்தாவளம்

கூடாது. அதில் பேட்டரி இல்லை, அதனால்தான் விலை குறைவு. பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

தாத்தாவிடம் கோடக் உடனடி கேமரா ஒன்று இருக்கிறது. பிலிம் எங்கே கிடைக்கும்? – செங்கோட்டை

எங்கும் கிடைக்காது. கோடக் 1976-இல் இந்த வியாபாரத்துக்குள் வந்தது. காப்புரிமை வழக்கில் போலராய்டிடம் தோற்று 1986-இல் வெளியேறியது. ஷோகேஸில் வையுங்கள், அழகாகத்தான் இருக்கும். போலராய்டின் ஸ்பெக்ட்ரா மாடல் வைத்திருக்கும் இரண்டு பேருக்கும் இதே பதில்தான்: அந்தப் பிலிமை 2019-இல் நிறுத்திவிட்டார்கள்.

பேக்கில் படம் தீர்ந்துவிட்டது, ஆனால் கவுண்டர் இன்னும் 2 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? – மீனாட்சிபுரம்

இல்லை. கேமரா செய்த காலத்தில் பேக்குக்கு 10 படம், இப்போது 8. கேமராவுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

கொல்லங்கோட்டில் மார்ச் கடைசியில் எடுத்த படமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக, ரசம் கொட்டியதுபோல் இருக்கிறது. பிலிம் கோளாறா?

வெயில் கோளாறு. இந்தப் பிலிமுக்கு 13 முதல் 28 டிகிரி வரைதான் ஒத்துக்கொள்ளும். நம் பாலக்காட்டுப் பக்கம் மீனமாசத்தில் 40-ஐத் தொடுகிறது. பேக்கை ஃபிரிட்ஜில், காய்கறித் தட்டில் வையுங்கள். ஃபிரீஸரில் வைக்கவே கூடாது, பிலிமுக்குள் படத்தை வரவைக்கும் ரசாயனப் பசை உறைந்து வீணாகும். எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே வைத்து, குளிர் விட்ட பிறகு கவரைப் பிரியுங்கள். வண்டி டிக்கியில் வைத்துவிட்டுக் கோயிலுக்குள் போகிற பழக்கம் இருந்தால் இந்தப் பொழுதுபோக்கே உங்களுக்கு வேண்டாம். படம் வெளியே வந்ததும் நிழலில் கவிழ்த்து வையுங்கள். ஆட்டாதீர்கள்.

எனக்கு நேர்மாறு. மூணாறில் ஜனவரியில் எடுத்தால் எல்லாம் நீலம் பூத்து வெளிறிப் போகிறது.

குளிர். படம் வந்ததும் ஸ்வெட்டருக்குள், உடம்புச் சூட்டில் 15 நிமிடம் வைத்திருங்கள். மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கும் ஆட்டத் தேவையில்லை.

இணையத்தில் ஒரு எஸ்எக்ஸ்-70, அந்த மடக்கு போலராய்டு, பார்த்தேன். 'டெஸ்டட், ஒர்க்கிங்' என்று போட்டிருக்கிறார்கள், 18,000 ரூபாய். கூடவே சீல் பிரிக்காத 2006 பிலிம் ஒரு பேக் இலவசமாம். வாங்கலாமா? – சித்தூர்

அந்த 'ஒர்க்கிங்' என்ற வார்த்தையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதை வைத்து டெஸ்ட் செய்தார்கள் என்று கேளுங்கள். என்றோ தீர்ந்துபோன பேக் ஒன்றை உள்ளே போடுவார்கள். அதன் பேட்டரியில் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் இருக்கும். பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான் டெஸ்ட். சத்தத்தை வைத்து மோட்டார் ஓடுகிறது என்று சொல்லலாம். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, வெளிச்சத்தை அளக்கும் கண் சரியாக வேலை செய்கிறதா, பெல்லோஸில் (மடிப்பு மடிப்பான ரப்பர் உறை) ஓட்டை இருக்கிறதா, ரோலர் பசையைச் சமமாகத் தேய்க்கிறதா, இதெல்லாம் படம் எடுத்தால்தான் தெரியும்.

நானே ஏமாந்தவன். பல வருஷம் முன்பு பக்கத்து நகரத்தில் ஒரு கடையில், என் கண் முன்னே மூன்று முறை அழுத்திக் காட்டினார் கடைக்காரர். பூனை உறுமுவது போல இதமான சத்தம். எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் பேக் போட்டு எடுத்தால் எட்டுப் படத்திலும் ஒரே மூலையில் வெளுத்த திட்டு. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, பிலிம் கதவைத் திறந்து, பெல்லோஸுக்குள் சின்ன டார்ச்சை விட்டுப் பார்த்தேன். மடிப்பு ஓரத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தது! ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறது. திரும்பக் கொண்டுபோனால், "படம் வந்துச்சுல்ல?" என்றார். கேமரா காசு போனதோடு பிலிம் காசு ஒரு இரண்டாயிரமும் போயிற்று.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது: இந்த மாதம், இந்தக் கேமராவில் எடுத்த படம் ஒன்று காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் அன்றைய நாளிதழ் இருக்கட்டும். "பிலிம் இல்லை சார்" என்பார்கள். அப்படியென்றால் டெஸ்டும் இல்லை, பழுதான கேமரா விலைக்குக் கொடு என்று கேளுங்கள். மேலே ஒட்டிய தோல் உரிந்திருந்தால் கவலை வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம். பெல்லோஸ், ரோலர், வியூஃபைண்டருக்குள் கண்ணாடி, இந்த மூன்றும்தான் பணம்.

அந்த இலவச பேக்? பழைய போலராய்டு கம்பெனி 2008-இல் பிலிம் தயாரிப்பை நிறுத்தியது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே ஊரில் அவர்களுடைய கடைசித் தொழிற்சாலையைச் சிலர் காப்பாற்றி, 2010-இல் வேறு ரசாயனத்தோடு மறுபடி தொடங்கினார்கள். இன்று நாம் வாங்குவது அந்த வழிவந்தது. 2006 பேக்கில் பேட்டரி செத்திருக்கும், பசை காய்ந்திருக்கும். பழைய கேமராவுக்குப் பழைய பிலிம்தான் பொருந்தும் என்று யாராவது சொன்னால், பழைய லாரிக்குப் பழைய டீசலா ஊற்றுகிறார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று: எஸ்எக்ஸ்-70-க்கு எஸ்எக்ஸ்-70 பிலிம், ஏறக்குறைய 160 ஏஎஸ்ஏ (பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்ற அளவு). 600 பிலிம் 640. எஸ்எக்ஸ்-70-இல் 600 பிலிமை ஃபில்டர் இல்லாமல் போட்டால் படம் வெளுத்துவிடும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தைக் காருக்குள்ளிருந்தே எடுத்தேன். மங்கல். எஸ்எக்ஸ்-70 சோனார் கேமரா. – ஆரியங்காவு

கண்ணாடியை இறக்கவில்லை, சரிதானே? இது ஒலியை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் பார்க்கிற கேமரா. ஒலி உங்கள் கார் கண்ணாடியில் பட்டே திரும்பிவிட்டது. பாலத்துக்கு அது போகவே இல்லை.

நெம்மாறை வல்லங்கி வேலா திருவிழாவின் வாணவேடிக்கையை 600 பாக்ஸ் கேமராவில் எடுத்தேன். ஒரு பேக் முழுக்கக் கறுப்பு.

ஃபிளாஷ் பத்து அடி போகும். வானம் எத்தனை அடி?

கல்யாண மண்டபத்தில் விருந்தினர்களை எடுத்து அப்போதே கையில் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். பழைய போலராய்டு சரிப்படுமா? – கொழிஞ்சாம்பாறை

கணக்குப் பாருங்கள். இங்கே வந்து சேரும்போது ஒரு படம் ஏறக்குறைய 250 ரூபாய். 200 பேர் என்றால் 50,000. இன்ஸ்டாக்ஸ் மினி என்றால் 60, 70 ரூபாயில் முடியும். பிலிம் 800 ஏஎஸ்ஏ, இரண்டு நிமிடத்தில் முகம் தெரிந்துவிடும். போலராய்டில் கலர் முழுதாக வர 15 நிமிடம் ஆகும், அதற்குள் விருந்தினர் பந்திக்குப் போயிருப்பார். மாப்பிள்ளை பெண்ணுக்கு மட்டும் ஒரு பேக் போலராய்டு வைத்துக்கொள்ளுங்கள். மைக் பிடிக்கிறவரிடம் 'படத்தை ஆட்டுங்க' என்று அறிவிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போன் இருக்கும்போது இத்தனை செலவு எதற்கு? – குமுளி

நியாயமான கேள்வி. படம் மென்மையாக இருக்கும், நிறம் நம் சொல் கேட்காது, எட்டில் இரண்டு வீணாகும். ஆனால் சித்தூர்ப் பக்கம் ஒரு தோப்பில் கள் இறக்குகிறவரை எடுத்தேன். கவிழ்த்து வைத்த படத்தைச் சுற்றி அவரும் நானும் குத்தவைத்து உட்கார்ந்திருந்தோம். திருப்பியபோது முதலில் தென்னையின் நிழல் வந்திருந்தது, அப்புறம் அவருடைய தலைக்கட்டு, கடைசியாக முகம். "பிரதி எடுத்துத் தர்றீங்களா?" என்றார். இது ஒன்றுதான் என்று சொல்லி அவரிடமே கொடுத்தேன். என்னிடம் அந்தப் படம் இல்லை. போனில் இருபது எடுத்தேன், அவை எந்த ஃபோல்டரில் கிடக்கின்றனவோ.

எல்லாப் படத்திலும் ஒரே இடைவெளியில் புள்ளி விழுகிறது. – கம்பம்

ரோலரில் பசை காய்ந்திருக்கிறது. பேக் மாற்றும்போதெல்லாம் ஈரத்துணியால் துடையுங்கள், ரோலரைச் சுற்றிவிட்டு முழுதாக. நகத்தால் சுரண்டாதீர்கள். கையில் பசை பட்டால் உடனே தண்ணீரில் கழுவுங்கள், அது தோலை அரிக்கும் காரம்.

இடவப்பாதி மழையில் படங்களை எப்படிப் பாதுகாப்பது? – பீர்மேடு

எடுத்த உடனே லேமினேட் செய்யாதீர்கள்; உள்ளே ஈரம் வற்ற ஒரு மாதம் ஆகும். அதன்பின் சிலிக்கா ஜெல் போட்ட டப்பா. லென்ஸுக்கும் அதே டப்பா, இல்லையென்றால் பூஞ்சை.

படம் சரியா வரல. என்ன பண்றது?

ஊர் இல்லை, கேமரா பெயர் இல்லை, பிலிம் பெயர் இல்லை. மூன்றையும் எழுதி, வந்த படத்தையும் போனில் எடுத்து அனுப்புங்கள். அதற்காக அதைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போக வேண்டாம்.