எசேக்கியேல்: தேதியும் நிறையும் (கேள்வி பதில்)

கே: எருசலேம் இடிந்த பிறகுதானே ஜனங்கள் சிறைப்பட்டுப் போனார்கள்? பாபிலோனில் இருந்த எசேக்கியேல் தீர்க்கதரிசி அந்த அழிவை முன்கூட்டி எச்சரித்தார் என்பது எப்படி?

ஒரே தடவையில் எல்லாரும் போகவில்லை. கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் நகரைப் பிடித்து, யூதாவின் ராஜா யோயாக்கீனையும் பிரபுக்களையும் கைவினைஞர்களையும் கொண்டுபோனான். பாபிலோனியரின் நாளாகமக் களிமண் பலகையில் அது ஆதார் மாதம் 2-ஆம் நாள் என்றே பதிவாகியிருக்கிறது. ஆலயம் அப்போது தப்பியது. இடிந்தது பத்துப் பதினோரு வருடம் கழித்து. எசேக்கியேல் முதல் கூட்டத்தோடு போனவர். அந்த இடைவெளியில் பேசியவைதான் 1 முதல் 24 வரையான அதிகாரங்கள். கேட்டவர்கள் கேபார் கரையில் தெலாபீபில் குடியமர்த்தப்பட்டவர்கள். ஆலயம் நிற்கிறவரை நகரத்துக்கு ஒன்றும் வராது, நாமும் சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று நம்பியிருந்தவர்கள். (கேபாரை நம் வேதாகமம் நதி என்கிறது. அது நிப்பூர் பக்கம் ஓடிய பாசனக் கால்வாய்.)

இந்தப் புத்தகத்தின் தேதிகள் ஏறக்குறைய எல்லாம் யோயாக்கீன் சிறைப்பட்ட வருடத்திலிருந்து எண்ணப்படுகின்றன. "ஐந்தாம் வருஷம்" என்றால் கி.மு. 593. பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே வாசியுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

கே: முதல் அதிகாரத்தில் "சொகுசா" என்று ஒரு சொல் வருகிறதே, அது என்ன?

பழைய மொழிபெயர்ப்பில் மட்டும் பார்த்திருப்பீர்கள். எபிரெயத்தில் அது "ஹஷ்மல்". வேதாகமம் முழுக்க மூன்றே இடம், மூன்றும் இந்தப் புத்தகத்தில்தான்: 1:4, 1:27, 8:2. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் "எலெக்ட்ரோன்" என்று போட்டார்கள். அந்தச் சொல் அம்பர் பிசினையும் குறிக்கும், பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகத்தையும் குறிக்கும். நெருப்புக்குள்ளிருந்து மினுங்கும் மஞ்சள் ஒளி என்று புரிந்துகொண்டால் போதும். இன்றைய எபிரெயத்தில் ஹஷ்மல் என்றால் மின்சாரம். அதை வைத்து எசேக்கியேல் மின்சாரத்தைக் கண்டார் என்று சொன்னால், வண்டியைக் குதிரைக்கு முன்னால் பூட்டியதுபோல.

கே: அதே அதிகாரத்தின் தரிசனத்தில் சக்கரத்துக்குள் சக்கரம், நான்கு முகம்... பறக்கும் தட்டு என்கிறார்களே ஐயா?

இவர் ஆசாரியர் வீட்டுப் பிள்ளை. சாலொமோன் ஆலயத்தில் சிங்கம், காளை, கேருபீன் (சிறகுள்ள பரலோக ஜீவன்) உருவங்கள் பொறித்து, சக்கரம் வைத்த பத்து வெண்கல ஆதாரங்கள் இருந்ததை 1 இராஜாக்கள் 7-இல் பாருங்கள். தரிசனத்தின் உருப்படிகள் அங்கிருந்து அவருக்குப் பழக்கமானவை. புதிதாக இருப்பது ஒன்றுதான்: சிங்காசனம் நகர்கிறது. எருசலேமில் மட்டும் இருக்கிறவர் என்று நினைத்த கடவுள் பாபிலோன் கால்வாய்க்கரைக்கு வந்து நிற்கிறார். அது இல்லாமல் 10, 11 அதிகாரங்கள் புரியாது.

கே: "எசேக்கியேல் ரொட்டி" ஆரோக்கிய உணவு என்று விற்கிறார்கள். வீட்டில் செய்ய அளவு சொல்ல முடியுமா?

4:9-இல் பொருள்கள் உண்டு, ஒன்றுக்கொன்று விகிதம் இல்லை. கோதுமை, வாற்கோதுமை, பெரும்பயறு, சிறுபயறு, தினை, கம்பு என்கிறது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. கடைசியாக வரும் கம்புக்கு மூலத்தில் இருப்பது ஒருவகைப் பழங்கோதுமை. நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஊருக்குத் தெரிந்த கம்பைப் போட்டார்கள்.

ஆனால் அது சத்துணவுப் பட்டியல் அல்ல. முற்றுகையில் எந்தத் தானியமும் ஒரு ரொட்டிக்குத் தேறாதபோது, பானையின் அடியில் கிடப்பதையெல்லாம் வழித்துப் போட்டுச் சுடுவது. அளவு அடுத்த வசனங்களில்: நாளைக்கு 20 சேக்கல் நிறை, அதாவது சுமார் 230 கிராம். தண்ணீர் ஹின்னில் ஆறில் ஒரு பங்கு, அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். பாபிலோன் வெயிலில் அது எந்த மூலைக்கு? எரிபொருளாக முதலில் சொல்லப்பட்டது மனிதக் கழிவு. தீட்டானதை நான் தின்றதே இல்லை என்று அவர் முறையிட, மாட்டுச்சாணி வறட்டிக்கு அனுமதி கிடைக்கிறது. வறட்டியில் சமைப்பது நமக்குச் சாதாரணம். அவருக்கு அதுவே சலுகை.

கே: 4-ஆம் அதிகாரத்தில், ஜனங்களின் அக்கிரமத்துக்கு வருடத்துக்கு ஒரு நாளாக, 390 நாள் இடதுபக்கம், 40 நாள் வலதுபக்கம் படுத்தார் என்பது கணக்கில் பொருந்துகிறதா?

நல்ல கேள்வி, இதில்தான் பலர் இடறுகிறார்கள். அழைப்பு ஐந்தாம் வருடம் நான்காம் மாதம் 5-ஆம் தேதி. ஏழு நாள் கழித்து அடுத்த வார்த்தை (3:16). ஆறாம் வருடம் ஆறாம் மாதம் 5-ஆம் தேதி அவர் மூப்பர்களோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் (8:1). இடையே 14 சந்திர மாதம், ஏறக்குறைய 413 நாள். ஏழைக் கழித்தால் 406. 430 நாள் அதற்குள் அடங்காது.

இடையில் ஒரு அதிகமாதம் வந்திருந்தால் இடம் கிடைக்கும், மயிரிழையில். அல்லது 40-ஐ 390-க்குள்ளேயே எண்ண வேண்டும். கிரேக்க மொழிபெயர்ப்பில் எண்ணே வேறு: 150-உம் 40-உம் சேர்ந்து 190. அது தாராளமாகப் பொருந்துகிறது. ஆனால் 390-உம் 40-உம் கூட்டினால் வரும் 430, யாத்திராகமம் 12:40 சொல்லும் எகிப்து வாசத்தின் வருடங்கள். எபிரெயப் பாடத்தின் எண்ணை அதனால்தான் சுலபமாகத் தள்ளிவிட மாட்டேன்.

இரவும் பகலும் அசையாமல் கிடந்தார் என்று எண்ண வேண்டியதில்லை. அதே நாட்களில் ரொட்டியும் சுட வேண்டுமே. எதிரே செங்கல்லில் கீறிய எருசலேம், நடுவே இருப்புச்சட்டி. தட்டையான அப்பச்சட்டி அது, நம் தோசைக்கல் மாதிரி. அதுதான் அவருக்கும் நகரத்துக்கும் நடுவே இரும்புச்சுவர்.

கே: 5-ஆம் அதிகாரத்தில் தன் தலைமயிரையும் தாடியையும் சிரைத்துத் தராசில் நிறுத்தது எதற்கு?

மூன்று பங்கு. ஒன்று செங்கல் நகரத்தின் நடுவே சுடப்படும்: கொள்ளைநோயும் பஞ்சமும். ஒன்று சுற்றிலும் பட்டயத்தால் வெட்டப்படும்: போரில் சாகிறவர்கள். ஒன்று காற்றில் தூற்றப்படும்: சிதறுகிறவர்கள். கொஞ்சம் மட்டும் வஸ்திர ஓரத்தில் முடிந்துவைக்கப்படும். இதோடு நிறுத்திப் பிரசங்கிக்கிறவர்கள் 5:4-ஐ விட்டுவிடுகிறார்கள். முடிந்துவைத்ததிலும் சிலவற்றை எடுத்து நெருப்பில் போடச் சொல்கிறது அந்த வசனம். ஆசாரியர் தாடியின் ஓரத்தைச் சிரைக்கக்கூடாது என்பது லேவியராகமம் 21:5. பார்த்தவர்களுக்கு முதல் அதிர்ச்சி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

கே: 9-ஆம் அதிகாரத்தில் நெற்றியில் போட்ட அடையாளம் எது?

எபிரெய எழுத்தான "தாவ்". பழைய எழுத்துமுறையில் அது குறுக்குக் கோடு, பெருக்கல் குறி மாதிரி. அருவருப்புகளைக் கண்டு பெருமூச்சுவிட்டு அழுகிறவர்களுக்கு அந்தக் குறி. குறி இல்லாதவர்களுக்கு நியாயத்தீர்ப்பு தொடங்குவது பரிசுத்த ஸ்தலத்திலிருந்தே (9:6).

கே: கர்த்தருடைய மகிமை ஆலயத்தை விட்டுப் போனது எந்த வழியாக?

அவசரமே இல்லாமல். கேருபீனைவிட்டு வாசற்படிக்கு (10:4), அங்கிருந்து மறுபடியும் கேருபீன்கள்மேல் ஏறிக் கிழக்கு வாசலுக்கு (10:18, 19), பிறகு நகரத்துக்குக் கிழக்கேயுள்ள மலைக்கு (11:23). ஒலிவமலை அந்தத் திசையில்தான். ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று போகிறது. 43-ஆம் அதிகாரத்தில் திரும்புவதும் கிழக்கிலிருந்தே.

கே: தீரு பட்டணத்தை நேபுகாத்நேச்சார் அழிப்பான் என்றார் (26). அழிக்கவில்லையே?

தீவு நகரம், 13 வருட முற்றுகை என்கிறார் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு. எதிர்பார்த்த கொள்ளை கிடைக்கவில்லை. பாலம்போல மண்கொட்டி நகரைப் பிடித்தது அலெக்சாந்தர், கி.மு. 332-இல். அதை இங்கே கொண்டுவந்து ஒட்டிச் சமாளிக்கிறார்கள், தேவையில்லை. 29:17-20-ஐ வாசியுங்கள். தேதி இருபத்தேழாம் வருடம், கி.மு. 571, புத்தகத்திலேயே கடைசித் தேதி. சுமை சுமந்து படைவீரர் தலை மொட்டையாகி, தோள் தோலுரிந்தது, கூலி கிடைக்கவில்லை, ஆகவே எகிப்து கூலியாகத் தரப்படும் என்கிறது. முந்தின வாக்கு அழிக்கப்படவில்லை, திருத்தி எழுதப்படவும் இல்லை. இரண்டும் தத்தம் தேதியோடு, மூன்று அதிகார இடைவெளியில் அப்படியே கிடக்கின்றன.