4கே இல்லாத காலத்துப் படத்துக்கு எதற்கு 4கே?

கேள்வி: ‘பதேர் பாஞ்சாலி’ போன்ற 70 வருடப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை ஆயிரக்கணக்கில் கொட்டிக்கொடுத்து 4கே டிஸ்க்கில் வாங்குவது வீண்பெருமைதானே? அந்தப் படங்களை எடுத்தபோது 4கே-யே கிடையாது. ஓடிடியில் பார்த்தால் போதாதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: 4கே, அதாவது ப்ளூ-ரேயைவிட நாலு மடங்கு புள்ளிகள் உள்ள படத்தரம், அப்போது கிடையாது, சரி. ஃபிலிம் இருந்ததே! டிவியில் நீங்கள் பார்த்த பழைய படம் மங்கலாகத் தெரிந்தது என்றால் ஒளிப்பதிவாளர் மங்கலாக எடுத்தார் என்று அர்த்தமில்லை. பிரிண்டிலிருந்து பிரிண்ட் எடுத்து, அதுவும் ஓடித் தேய்ந்தபிறகு வீடியோவாக மாற்றிக் காட்டினார்கள். நன்றாக எடுத்து நன்றாகப் பாதுகாத்த 35 எம்எம் நெகட்டிவில் (கேமராவில் ஓடிய மூல ஃபிலிமில்), சாதாரண ப்ளூ-ரேயின் 1920 x 1080 புள்ளிகளுக்குள் அடங்காத நுணுக்கம் இருக்கிறது. 4கே ஸ்கேன் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, 1955லேயே பதிவானதை வெளியே எடுக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன படத்தையே எடுத்துக்கொள்வோம். 1993இல் லண்டனில் ஹெண்டர்சன்ஸ் லேபில் தீப்பிடித்ததில் சத்யஜித் ரேயின் பல படங்களின் மூல நெகட்டிவ்கள் எரிந்துபோயின. கருகிச் சுருங்கி மிஞ்சியதைத் தூக்கி எறியாமல், ஆஸ்கர் கொடுக்கும் அகாடமியின் ஆவணக் காப்பகம் 20 வருடம் வைத்திருந்தது. அப்புறம் அகாடமியும், பழைய படங்களை டிஸ்க்கில் வெளியிடும் அமெரிக்காவின் கிரைடீரியன் நிறுவனமும் சேர்ந்து இத்தாலியில் பொலோன்யாவில் உள்ள ஒரு கூடத்துக்கு அனுப்பின. காய்ந்து நொறுங்கும் ஃபிலிமுக்கு ஈரம் ஏற்றி, பழைய ஒட்டுகளைப் பிரித்து, ஓரத்துத் துளைகளைச் சரிசெய்து என்று கிட்டத்தட்ட 1000 மணி நேரம் கையாலேயே வேலை நடந்தது. ‘பதேர் பாஞ்சாலி’யில் சுமார் 40 சதவீதமும் அதன் இரண்டாம் பாகமான ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்தக் கருகிய நெகட்டிவிலிருந்தே மீண்டன. மூன்றாம் பாகமான ‘அபூர் சன்சார்’ நெகட்டிவில் எதுவும் தேறவில்லை, வேறு பிரதிகளை வைத்துச் செய்தார்கள். 2015இல் மூன்றும் ப்ளூ-ரேயில் வந்தன, பிறகு 4கே டிஸ்க்கிலும். இதைக் காசு கொடுத்து வாங்குவதையா வீண்பெருமை என்கிறீர்கள்? பிரித்தே பார்க்காமல் அலமாரியில் அடுக்கி ஃபோட்டோ போடுகிறவர்களைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

ஓடிடி விஷயம் வேறு. நெட்ஃப்ளிக்ஸ் 4கே-க்குக் கேட்கும் இணைய வேகம் 15 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 15 மெகாபிட் தரவு. 4கே டிஸ்க்கில் அந்தத் தரவு வேகம் 100ஐத் தாண்டியும் போகலாம். புதுப் படத்தில் இந்த வித்தியாசம் பலருக்குத் தெரியாமலே போகும். பழைய ஃபிலிமில் தெரியும், ஏனென்றால் கிரெய்ன் என்கிற அந்தப் பொடித் துகள்கள் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுகின்றன, இணையத்தில் அனுப்பத் தரவை அழுத்திச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது அதுதான். கிரெய்ன்தான் பிம்பமே. அது குழம்பினால் முகத்தின் சுருக்கம், மழைக்கு முந்தைய மங்கிய வெளிச்சம் எல்லாம் கூடவே போய்விடும். போதாததற்கு, உரிம ஒப்பந்தம் முடிந்த மறுநாள் படமே அங்கே இருக்காது.

ஆனால் அட்டையில் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். ‘பிரிடேட்டர்’ படத்தின் 2010 ப்ளூ-ரேயில் கிரெய்னை ஒட்ட வழித்தெடுத்து அர்னால்டை மெழுகு பொம்மை ஆக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய டிஸ்க்கே தேவலை என்று ரசிகர்கள் திட்டினார்கள், நியாயம்தான். எதிலிருந்து ஸ்கேன் செய்தார்கள், மூல நெகட்டிவா வேறு பிரதியா, யார் மேற்பார்வை, இதையெல்லாம் படித்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, பலர் ஏமாறுவது இங்கேதான். ப்ளூ-ரேக்கு மண்டலப் பூட்டு உண்டு, அதாவது ஒரு மண்டலத்துக்கென விற்கும் டிஸ்க் வேறு மண்டலத்து பிளேயரில் ஓடாது. இந்தியா ‘சி’ மண்டலம், கிரைடீரியனின் அமெரிக்க ப்ளூ-ரேக்கள் பெரும்பாலும் ‘ஏ’. இங்கே விற்கும் பிளேயரில் ஓடாது. 4கே டிஸ்க்குக்கு அந்தப் பூட்டு இல்லை, ஆனால் அதே பெட்டியில் வரும் ப்ளூ-ரேக்கு இருக்கலாம், பேட்டிகளும் ஆவணப்படங்களும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். ஓப்போ, சாம்சங் எல்லாம் பிளேயர் தயாரிப்பிலிருந்து விலகிவிட்டன. அதனால் டிஸ்க்குக்கு முன்னால், எல்லா மண்டலமும் ஓடுகிற ஒரு நல்ல பிளேயரை வாங்கிவிடுங்கள்.