சிவப்புத் துளியைக் கண்டதும் கியர்பாக்ஸை இறக்க விடாதீர்கள்

ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 2005-ஆம் ஆண்டு நிசான் எக்ஸ்-டிரெயில், நான்கு வேக ஆட்டோ கியர். தினமும் பினாங்குப் பாலத்தைக் கடந்து பிறைக்கு வேலைக்குப் போய் வருகிறார். இரண்டு வாரமாகக் காலையில் வண்டியை எடுத்தால் கீழே சிவப்பு எண்ணெய்த் துளிகள். ஓட்டும்போது ஒரு குறையும் தெரியவில்லை. பட்டறைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போய்விட்டது. நல்ல ஹாஃப்-கட் கியர்பாக்ஸ் (பழைய வண்டியை வெட்டி எடுத்தது) ஒன்று இருக்கிறது, 4,500 ரிங்கிட். நாளைக்குள் சொல்லுங்கள், இன்னொருவரும் கேட்கிறார்" என்றாராம். என்ன செய்வது என்பது கேள்வி.

சகோதரி, நாளைக்குள் எதுவும் சொல்லாதீர்கள். எண்ணெய் கசிவது வேறு, கியர்பாக்ஸ் கெடுவது வேறு. கியர் வழுக்காமல், உதறாமல் மாறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உள்ளே இருப்பவை இன்னும் நன்றாகவே இருக்கின்றன. கசிவை அப்படியே விட்டால்தான் எண்ணெய் குறையும், அழுத்தம் விழும், கிளட்ச் தகடுகள் வழுக்கிக் கருகும். ஆகவே கசிவு எங்கே என்று இந்த வாரமே தேட வேண்டும். பிரித்து எடுப்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

இந்த வயது வண்டிகளில் சிவப்பு எண்ணெய் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று ஆட்டோ கியர்பாக்ஸ், மற்றொன்று பவர் ஸ்டீயரிங். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறம், ஒரே வழவழப்பு. எத்தனையோ நல்ல கியர்பாக்ஸ்கள் பவர் ஸ்டீயரிங் குழாயின் குற்றத்துக்காக இறக்கப்பட்டிருக்கின்றன. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. பெரிய அட்டைப் பெட்டி ஒன்றை விரித்து இரவில் வண்டிக்கு அடியில் வையுங்கள். முன்சக்கரங்கள் எங்கே நிற்கின்றன என்று பேனாவால் கோடு போடுங்கள். உங்கள் வண்டியில் கியர்பாக்ஸ் இடது பக்கம், பேட்டரிக்குக் கீழே இருக்கிறது. பவர் ஸ்டீயரிங் பம்ப் வலது பக்கம், ஓட்டுநர் பக்கத்தில். துளி வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் பவர் ஸ்டீயரிங் எண்ணெய்க் கிண்ணத்தைப் பாருங்கள். அதன்மேல் ஒரு துண்டு நாடாவை ஒட்டி அளவைக் குறித்துவைத்து, ஒரு வாரம் கழித்து ஒப்பிட்டால் போதும்.

துளி விழும் இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது என்றும் எண்ணிவிடாதீர்கள். எண்ணெய் மேலே கசிந்து கீழே வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும், கடைசியில் கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் நிற்கும் அடித்தட்டின் ஓரத்தில் வந்து தொங்கும். அடித்தட்டு நனைந்திருப்பதைப் பார்த்தவுடன் அங்கே சிலிக்கோன் பசையை அப்பும் பழக்கம் நம் பட்டறைகளில் ஊறிப்போயிருக்கிறது. தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். பிதுங்கி உள்ளே போகும் பசைத் துணுக்குகள் எண்ணெய் வடிகட்டியில் போய் அடையும். அடித்தட்டின் போல்ட்டுகளை முறுக்கி இறுக்குவதும் இதே போன்ற தவறுதான். மெல்லிய தகடு வளைந்துவிட்டால் புதிய கேஸ்கெட் போட்டாலும் ஒழுகும்.

சரியான வழி இதுதான். எஞ்சின் ஆறியபின் கியர்பாக்ஸை வெளியே நன்றாகக் கழுவித் துடைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள். அழுக்கும் பழைய எண்ணெயும் படிந்த கியர்பாக்ஸில் யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. காய்ந்ததும் சந்தேகப்படும் இடங்களில் சாதாரண முகப் பவுடரைத் தூவுங்கள். பிறகு 20 அல்லது 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். வண்டியைப் பட்டறையில் தூக்கி டார்ச் விளக்கைப் பிடித்தால், வெள்ளைப் பவுடரின் நடுவே சிவப்பு மயிரிழை போல ஒரு கோடு இறங்கியிருக்கும். அந்தக் கோட்டை மேல்நோக்கித் தடவிக்கொண்டே போங்கள். ஈரம் தொடங்கும் மிக உயரமான இடம்தான் குற்றவாளி. வீட்டில் ஜாக் ஒன்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். பவுடரில் தெரியாத மிகச் சிறிய கசிவுக்கு, எண்ணெயில் கலக்கும் சாயமும் புற ஊதா விளக்கும் இருக்கின்றன.

இருபது வயது வண்டியில் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது, கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்களை. சூட்டில் ரப்பர் கெட்டியாகி, கிளிப் பிடிக்கும் இடத்தில் நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் போல இருக்கும். குழாயும் கிளிப்பும் மாற்றினால் சில பத்து ரிங்கிட்டில் வேலை முடிந்துவிடும். அடுத்து டிரைவ் ஷாஃப்ட் சீல், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டு கியர்பாக்ஸில் நுழையும் இடத்தில் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம். அண்மையில் அந்தத் தண்டின் முனையிலுள்ள மூட்டை (சிவி ஜாயிண்ட்) மாற்றியிருந்தால், ஷாஃப்டை உருவும்போது சீலின் உதடு கீறப்பட்டிருக்கலாம். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டினால் மட்டுமே கியர்பாக்ஸை இறக்க வேண்டிவரும். அதுவும் முன்பக்க சீலை மாற்றத்தான், உள்ளே பிரித்து மேய்வதற்கு அல்ல.

எண்ணெய் அளவையும் பாருங்கள். சமதரையில் வண்டி நன்றாகச் சூடேறிய பின், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் பிரேக்கை மிதித்தபடி எல்லா கியர்களுக்கும் ஒருமுறை மாற்றிவிட்டு, பார்க்கில் வைத்து அளவுக் கம்பியை எடுங்கள். சில பட்டறைகளில் குளிர்ந்த நிலையில் பார்த்துவிட்டு "குறைகிறது" என்று ஊற்றுகிறார்கள். அளவு மிஞ்சினால் எண்ணெய் நுரைத்துக் காற்றுத் துளை வழியாகக் கக்கும், அதையும் கசிவென்று காட்டிப் பணம் பறிப்பார்கள். ஊற்றுவதானால் நிசான் மாட்டிக் டி, அல்லது அதற்குப் பொருந்தும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும் எண்ணெய்.

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் தாமதித்தால் கியர்பாக்ஸ் உண்மையாகவே போய்விடும். ஆட்டோ கியர் எண்ணெய் ரேடியேட்டரின் தொட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு குளிர்விப்பான் வழியாக ஓடுகிறது. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையே இருப்பது மெல்லிய உலோகச் சுவர்தான். வயதாகி அது அரிக்கப்பட்டால் தரையில் ஒரு துளிகூட விழாமல் இரண்டும் கலந்துவிடும். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும் காலை நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே தெளிந்த பச்சையோ சிவப்போ தெரிந்தால் நல்லது. சிராப் பண்டுங் போல இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால், அல்லது அளவுக் கம்பியில் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால், வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். பட்டறைவரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்கவே வேண்டாம். தண்ணீர் பட்டால் கிளட்ச் தகட்டின் மேற்பூச்சு பசைவிட்டு உரியும். காப்புறுதி நிறுவனத்தை அழைத்து, நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டு லாரி கேளுங்கள். கலந்தது நேற்றோ இன்றோ என்றால், ரேடியேட்டரை மாற்றி எண்ணெயைப் பலமுறை கழுவி மாற்றிக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. கலந்த பின் பல வாரம் ஓடியிருந்தால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

காப்புறுதி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாலையோரத்தில் அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை லாரிக்காரர்கள் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பட்டறையில் தரகு வாங்குகிறார்கள். அந்தத் தரகு உங்கள் ரசீதில் எங்கோ ஒளிந்திருக்கும். ஹாஃப்-கட் வியாபாரமும் அப்படித்தான். அந்த கியர்பாக்ஸ் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்படி ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது. அதைப் பொருத்தும்போது உங்கள் பழைய ரப்பர் குழாயையும் சத்தமில்லாமல் மாற்றிவிடுவார்கள். கசிவு நிற்கும், நீங்களும் நன்றி சொல்வீர்கள். உங்கள் நல்ல கியர்பாக்ஸ் அடுத்த வாரம் இன்னொருவருக்கு விற்கப்படும். என்னிடம் வந்த ஒரு பெரியவர் இப்படித்தான் ஓய்வூதியப் பணத்தை இழந்திருந்தார். மூன்று மாதத்தில் புதிதாகப் போட்ட கியர்பாக்ஸ் வழுக்க ஆரம்பித்துவிட்டது.

பட்டறைகள் வேலையையும் விலையையும் பயனீட்டாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதிமுறை 2002-லேயே வந்துவிட்டது. எத்தனை பட்டறைகளில் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? எழுதிவைத்த விதியை யாரும் வந்து சோதிக்காதவரை, ஒவ்வொரு வாடிக்கையாளரும் தானே கேட்டுப் போராட வேண்டியிருக்கிறது. கேளுங்கள். எந்த இடத்தில் கசிகிறது, எந்தப் பொருள், என்ன விலை என்று தாளில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பொருளைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ஏமாற்றப்பட்டால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை.

பட்டறைக்காரர் மறுபடி அழைத்தால், முதலில் கழுவிப் பார்க்க எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேளுங்கள். கழுவ மறுக்கிறார் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.